சன்னலைத் திறப்பதா, அடைப்பதா: வீட்டு அலுவலக அறையின் காற்று

மே 14, 2023. கொழிஞ்சாம்பாறை வாசகரின் கேள்வி

அக்கா, வீட்டு மாடியில் 10-க்கு 12 அடி அறை ஒன்றில் அமர்ந்து வேலை செய்யத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சாலைப் புழுதிக்குப் பயந்து சன்னல்களை அடைத்து ஏ.சி. போட்டிருக்கிறேன். போன மாதம் காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றும் வாங்கி வைத்தேன். அதன் விளக்கு எந்நேரமும் பச்சையாகவே எரிகிறது. ஆனாலும் பிற்பகல் 3 மணியானால் தலை கனக்கிறது, கொட்டாவி வருகிறது, படித்த வரியையே மறுபடியும் படிக்கிறேன். இதைவிடப் பெரிய சுத்திகரிப்பான் வாங்கினால் சரியாகுமா?

மே 14, இரவு

வாங்க வேண்டாம் தம்பி. செங்கோட்டையில் கொல்லம் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டில் இதே அளவுள்ள அறையில்தான் நானும் கணக்கு வேலை பார்க்கிறேன். இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். சுத்திகரிப்பானில் இருக்கும் ஹெப்பா வடிகட்டி தூசியைப் பிடிக்கும், 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுத்துவிடும். நாம் மூச்சில் விடும் கரியமில வாயுவோ துகள் அன்று, வாயு. அது வடிகட்டியின் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் அப்படியே வெளியே வரும். ஸ்பிளிட் ஏ.சி.யும் அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றை ஒரு துளிகூட உள்ளே கொண்டுவருவதில்லை. ஆகவே பச்சை விளக்கு உங்களிடம் பொய் சொல்லவில்லை, தூசி குறைவு என்பதை மட்டும்தான் அது சொல்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். 10 அடி உயரமுள்ள உங்கள் அறையின் கொள்ளளவு 1,200 கன அடி, அதாவது ஏறக்குறைய 34,000 லிட்டர். இடுக்கே இல்லாத அறையாக இருந்தால் மணிக்கு 530 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 530 பங்கு) வீதம் ஏறிக்கொண்டே போகும். வெளிக்காற்றில் இருப்பது 420 பிபிஎம் அளவுதான். மியூனிக் நகரில் இருந்த மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-லேயே, அறைக்காற்றில் இது 1,000-ஐத் தாண்டினால் காற்று கெட்டுவிட்டது என்று கொள்ளலாம் என எழுதினார். அந்த அளவில் கரியமில வாயு நஞ்சு என்று அவர் சொல்லவில்லை. மனிதர்கள் விட்ட மூச்சும் உடல் நாற்றமும் அறையில் எவ்வளவு தேங்கியிருக்கின்றன என்பதற்கு அதை ஓர் அளவுகோலாக எடுத்துக்கொண்டார். நானும் அந்தப் பொருளில்தான் எழுதுகிறேன்.

மே 15

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அளக்கும் கருவி வாங்கினால் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு கரியமில வாயுவையே நேராக அளப்பதாக, என்.டி.ஐ.ஆர். வகை என்று குறிப்பிட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான கருவிகள் பல வேறு ஆவிகளை முகர்ந்து, அதிலிருந்து கரியமில வாயுவின் அளவை ஊகித்துக் காட்டுகின்றன. நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்டதுதான். கைக்குத் தடவும் சானிடைசரை அருகே திறந்ததும் 3,000-க்குத் தாவியது. சானிடைசரில் இருப்பது ஆல்கஹால். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மே 21

சரியான கருவியை வைத்து ஒரு நாள் முழுவதும் அளந்தேன். கதவையும் சன்னலையும் அடைத்து, ஏ.சி.யைப் போட்டுவிட்டு அமர்ந்தபோது காலை 9 மணிக்கு 480, 10 மணிக்கு 900, 11.30-க்கு 1,350; பகல் 1 மணிக்கு 1,650. கதவின் கீழ் இடுக்கு வழியே கொஞ்சம் காற்று மாறுவதால் ஏற்றம் போகப்போக மெதுவாகிறது. சாப்பிட்டுவிட்டு வந்தபின் மகள் வீட்டுப்பாடத்தோடு அறைக்குள் வந்து உட்கார்ந்தாள். 3 மணிக்கு 2,200-ஐத் தாண்டிவிட்டது. நீங்கள் சொல்லும் அதே 3 மணி. பிறகு முற்றத்துப் பக்கக் கதவையும் எதிரே சாலைப்பக்கச் சன்னலையும் ஒருசேரத் திறந்தேன். 12 நிமிடங்களில் 600-க்கு இறங்கியது. ஒற்றைச் சன்னலை மட்டும் திறந்து வைத்த இன்னொரு நாள், அதே இறக்கத்திற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. காற்று நுழைய ஒரு வாசலும் வெளியேற ஒரு வாசலும் வேண்டும் என்று கொத்தனார்கள் சொல்வது எவ்வளவு சரி என்பதைக் கருவியின் எண்களில் கண்ணால் பார்த்தேன்.

"சன்னலைத் தெறந்து போட்டா சுவரெல்லாம் ஓதம் ஏறிரும், அடைச்சு வைம்மா" என்று அத்தை சொன்னார்கள். வெயில் காலத்தில் ஏது ஓதம் என்று நான் அப்போது மறுத்துப் பேசினேன்.

மே 28

"சாலைப் பக்கச் சன்னலைத் திறந்தால் புழுதி வராதா?" என்று தம்பி கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் வீட்டு வாசலில் போவது தேசிய நெடுஞ்சாலை 744. தென்காசிப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள் புளியரை வழியாகக் கேரளத்திற்குப் போகின்றன. தார்ப்பாய் மூடாத ஒரு லாரி கடந்ததும் என் மேசைமேல் விரலால் பெயர் எழுதலாம். பி.எம். 2.5 என்னும் நுண்தூசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த வரம்பு, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுத் தரநிலை அதையே 60 வரை அனுமதிக்கிறது. பச்சை விளக்கு எந்த வரம்பை வைத்து எரிகிறது என்பதைச் சுத்திகரிப்பானின் கையேட்டில் பாருங்கள். ஒரு கருவியின் பச்சை இன்னொன்றின் மஞ்சளாக இருக்கும்.

நான் செய்த ஏற்பாடு இது. சாலைப்பக்கச் சுவரின் மேலே இருந்த பழைய வெண்டிலேட்டரில் 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைப் பொருத்தி, அறைக்காற்றைச் சாலைப் பக்கம் தள்ளும்படி வைத்தேன். வெளியேறும் காற்றுக்கு ஈடாக முற்றத்திலிருந்து காற்று உள்ளே வரும். முற்றத்தில் புழுதி குறைவு. ஃபேன் ஓடும்போது நான் தனியாக இருந்தால் நாள் முழுவதும் கரியமில வாயு 700-ஐத் தாண்டுவதில்லை. எல்லாரும் இதையே செய்யலாம்.

ஜூன் 4

எல்லாரும் செய்யலாம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வியாழக்கிழமை 11 மணிக்கு நுண்தூசிக் கருவி 180 காட்டியது. சாலையில் லாரி எதுவும் இல்லை. சமையலறையில் அத்தை மிளகாய் வற்றல் கிள்ளிப்போட்டுத் தாளித்துக்கொண்டிருந்தார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் அறைக்காற்றை வெளியே இழுக்கும்போது அதற்கு ஈடான காற்று எந்த வழி எளிதோ அந்த வழியே வரும். என் அறைக்கு எளிதான வழி, முற்றத்துச் சன்னலைவிடப் பெரிதாகத் திறந்திருந்த சமையலறைக் கதவு. எரிவாயு அடுப்பிலிருந்து வரும் நைட்ரஜன் டை-ஆக்சைடும் அந்தத் தாளிப்புப் புகையும் சேர்ந்து, நான் வேலை செய்யும் நாற்காலிக்கே நேராக வந்துகொண்டிருந்தன.

எந்த இடுக்கில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும். பற்ற வைத்து, கதவின் கீழ் இடுக்கில் தரையோடு தரையாகப் பிடித்தேன். புகை நூல்போல் நேராக எழுந்து, ஒரு சாண் உயரத்தில் மடங்கி, அறைக்குள் படுத்துக்கொண்டு நுழைந்தது. பழைய வேட்டி ஒன்றைச் சுருட்டி அந்த இடுக்கை அடைத்துவிட்டு முற்றத்துச் சன்னலருகே பிடித்தபோது, அங்கே புகை வேகமாக உள்ளே பாய்ந்தது. சமையல் நேரத்தில் அந்தக் கதவை அடைத்து வைப்பது என்று வீட்டில் பேசி முடிவு செய்தோம். அடுக்களையில் தனியாக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துத் தர வேண்டும் என்றும் முடிவாயிற்று. மூச்சிரைப்பு உள்ள அத்தை 40 ஆண்டுகளாக அந்தப் புகையில் நிற்கிறார்கள் என்பது, புகை என் அறைக்கு வந்தபின்தான் எனக்கு உறைத்தது.

ஜூன் 5

அறைச் செடி பற்றித் தனியாக ஒருவர் கேட்டிருந்தார். மணி பிளான்ட் வையுங்கள், கண்ணுக்கு நல்லது. காற்றைச் சுத்தம் செய்யும் என்று எதிர்பார்த்து வைக்காதீர்கள். நாசா 1989-இல் செய்த ஆய்வு, காற்று மாறாத சிறு அடைப்புப் பெட்டிகளில் நடந்தது. இத்தகைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்து மறுபடியும் கணக்கிட்ட 2019-ஆம் ஆண்டுக் கட்டுரை, சாதாரணக் காற்றோட்டத்திற்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்று காட்டியது. அதற்குப்பின் நாற்காலி போட இடம் இருக்காது. சாரல் காலத்தில் தொட்டி மண்ணின் ஈரமும் அறையில்தான் சேரும்.

ஜூலை 6

சாரல் பிடித்துக்கொண்டது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று மேற்குச் சுவரில் பன்னீர் தெளிப்பதுபோல் நாள் முழுவதும் தூவுகிறது. குற்றாலத்திற்குக் கூட்டம் வரும் இந்த மாதத்தில்தான் எங்கள் பக்கத்து வீடுகளில் துணி காயாது, உப்பு கசியும், செருப்பில் பூசணம் பூக்கும். நேற்று இரும்பு பீரோவை நகர்த்தியபோது அதன் பின்பக்கச் சுவரில் முழங்கை நீளத்திற்குக் கரும்பூசணம் படர்ந்திருந்தது. அருகில் முகத்தைக் கொண்டுபோனால் நனைந்த சாக்கு நாற்றம். மே மாதம் முழுவதும் சன்னலைத் திறந்து வையுங்கள் என்று நான் எழுதியதை ஜூன், ஜூலையிலும் அப்படியே செய்துகொண்டிருந்தேன். அத்தை சொன்ன ஓதம் இதுதான். அவர்களிடம் போய்ச் சொன்னேன்.

இதன் காரணத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுவது நல்லது. காற்றின் ஈரப்பதத்தை நாம் விழுக்காட்டில் சொல்கிறோம், ஆனால் அந்த விழுக்காடு வெப்பத்தோடு மாறும். 24 பாகை வெப்பத்தில் 95 விழுக்காடு ஈரம் என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் 20.7 கிராம் நீராவி இருக்கிறது. அதே காற்று 27 பாகை உள்ள என் அறைக்குள் வந்தால் 80 விழுக்காடாகக் குறைந்ததுபோல் தெரியும். பீரோவுக்குப் பின்னால் குளிர்ந்திருக்கும் சுவரைத் தொட்டதும் மறுபடியும் 95-க்கு ஏறிவிடும். சுவரை ஒட்டிய காற்றில் ஈரம் 80-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணத்திற்கு அதுவே போதும். ஆகவே சாரல் நாளில் அதிகாலைக் குளிர்காற்று நல்லது என்று சன்னலைத் திறப்பது, சுவருக்கு நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். நண்பகலில் மேகம் விலகி வெயில் எட்டிப் பார்க்கும்போது வெளியே 29 பாகையும் 65 விழுக்காடும் இருந்தால், அந்தக் காற்றில் இருப்பது 18.7 கிராம்தான். வியர்த்தாலும் அந்த வேளையில்தான் திறக்க வேண்டும்.

ஜூலை 8

ஈரப்பதம் காட்டும் என் கருவியையே சந்தேகப்பட்டுச் சோதித்தேன். ஒரு சின்னக் கிண்ணத்தில் சமையல் உப்பைப் போட்டு, குழையும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத எவர்சில்வர் சம்படத்தில் மூடி ஓர் இரவு வைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். உப்பின் இயல்பு அது. என் கருவி 69 காட்டியது. ஆகவே நான் இதுவரை பார்த்த எண் எல்லாவற்றோடும் 6 சேர்க்க வேண்டும். அறை 74-இல் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்த நாளெல்லாம் உண்மையில் 80.

ஜூலை 9

நுண்தூசிக் கருவிக்கும் இதே போன்ற ஒரு குறை உண்டு. அதிகாலையில் அது 95 காட்டிச் சிவந்தது. சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ஒளியைச் சிதறடித்து எண்ணும் கருவி, ஈரத்தில் ஊதிப்போன துகளையும் பனிமூட்டத் துளியையும் தூசி என்றே எண்ணிவிடும். சாரல் வேளை எண்களை நம்பிச் சுத்திகரிப்பானை முழு வேகத்தில் ஓட்ட வேண்டாம்.

ஜூலை 23

தம்பியிடமிருந்து நல்ல செய்தி: இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பத்து நிமிடம் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறக்கிறாராம், கொட்டாவி நின்றுவிட்டது. தலை கனப்பு பாதிதான் குறைந்ததாம். கண் மருத்துவரிடம் போனதில் கண்ணாடியின் பவர் மாறியிருந்தது தெரிந்ததாம். எழுதியதற்கு நன்றி தம்பி. தலைவலி எல்லாவற்றையும் காற்றின் மேல் போட்டுவிடக் கூடாது.

மாலையில் கொசுவர்த்திச் சுருளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு வேலை செய்வதாகவும் அவர் எழுதியிருக்கிறார். அதை இன்றே நிறுத்துங்கள். ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. சன்னலுக்குக் கொசுவலை அடித்துவிடுங்கள். வலையில் தூசி அடைந்தால் காற்றும் குறையும், ஆகவே மாதம் ஒருமுறை நனைத்துத் துடையுங்கள்.

அத்தை வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடுகிறார்கள். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லவும் மாட்டேன். முன்பு நான் இரவு வேலை செய்யும் அறைக்குள் வந்து தூபக்காலை நான்கு மூலையிலும் காட்டுவார்கள். இப்போது மாலை 6 மணிக்கு முற்றத்தில் நின்று காட்டுகிறார்கள். நான் 7 மணிக்குமேல் உட்காருகிறேன். அந்த மணம் மட்டும் வருகிறது.

ஆகஸ்ட் 5

சுத்திகரிப்பானின் அளவு பற்றி முதல் நாளிலேயே எழுதியிருக்க வேண்டும். 8 அடி உயர அறைக்கு, அதன் சதுர அடிப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவோ, நிமிடத்திற்கு அத்தனை கன அடி சுத்தக் காற்றைச் சுத்திகரிப்பான் தர வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 120 சதுர அடிக்கு நிமிடத்திற்கு 80 கன அடி. நம் அறைகள் 10 அடி உயரம், எனவே 100 கன அடி, அதாவது மணிக்கு 170 கன மீட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தால் போதும். ஓசோன் வெளிவிடும் வகையை வாங்கவே வாங்காதீர்கள். ஓசோன் நுரையீரலை அரிக்கும்.

ஏ.சி. பற்றியும் ஒரு சொல். காற்றைப் புதிதாக்காவிட்டாலும் சாரல் காலத்தில் அது ஈரத்தை நன்றாகவே பிழிகிறது. வடிகுழாயின் கீழ் வாளி வைத்துப் பார்த்ததில் 6 மணி நேரத்தில் 7 லிட்டர் சேர்ந்தது. அணைக்கும்போது குளிர்சுருள் நனைந்தே இருக்கும். அப்படியே விட்டால் மறுநாள் போட்டதும் முடைநாற்றம் அடிக்கும். நான் கடைசிக் கால் மணி நேரம் ஃபேன் மட்டும் ஓடவிட்டு உலர்த்துகிறேன்.

ஆகஸ்ட் 27

பூசணத்தைத் துடைத்துத் துடைத்துச் சலித்துவிட்டேன். மூன்று முறை துடைத்தேன், மூன்று முறையும் அதே இடத்தில் வந்தது. கொத்தனாரை அழைத்துக் காட்டினேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மாடிக்கு ஏறினார். மேல்தளத்து நீர் வடியும் குழாயின் முட்டி உடைந்து, மழை நீர் அந்தச் சுவரின் மேல் பட்டையிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. காற்று, வெப்பம், விழுக்காடு என்று நான் போட்ட கணக்கில் பிழை இல்லை. ஆனால் சன்னலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த ஏழு வாரமும் தலைக்குமேல் ஒரு முறை பார்க்கவில்லை.

அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியமானது. செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேரும்வரை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. எங்கள் வீடு அந்தக் காலத்தது, சுண்ணாம்புச் சாந்துச் சுவர். உள்ளே புகுந்த ஈரத்தை அந்தச் சாந்து மெல்ல வெளியே விட்டுவிடும். ஆறு ஆண்டுகளுக்கு முன் அறையை அழகுபடுத்துகிறோம் என்று அதன் மேல் பட்டி பார்த்து பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தோம். உறைக்குள் அடைபட்டதுபோல் ஈரம் உள்ளேயே நின்று, பெயிண்ட் குமிழ் குமிழாக உப்பியது. அந்தச் சுவரில் மட்டும் பெயிண்டைச் சுரண்டிவிட்டு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் பிடிக்காது. சுரண்டும்போது சுவரை நனைத்துக்கொண்டு, முகத்தில் என்-95 முகமூடி அணிந்துகொண்டுதான் வேலை நடந்தது. பூசணத் தூளும் பழைய பெயிண்ட் தூளும் மூச்சில் போகக் கூடாதவை.

செப்டம்பர் 17

புதிதாக வாங்கிய மேசையைத் தம்பி அறைக்குள் கொண்டுவந்ததிலிருந்து கண் எரிகிறதாம். துகள் பலகையை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைட் கசியும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு அரை மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம். ஹெப்பா வடிகட்டி இதையும் பிடிக்காது. மேசையை இரண்டு வாரம் மொட்டை மாடிக் கொட்டகையில் நிறுத்தி வையுங்கள்; சீல் வைக்காமல் பலகை தெரியும் விளிம்புகளுக்குப் பட்டையோ வார்னிஷோ அடியுங்கள், கசிவு அங்கேதான் அதிகம். வெயிலும் ஈரமும் ஏறினால் கசிவும் ஏறும், ஆகவே உலர்ந்த நாட்களாகப் பாருங்கள்.

அக்டோபர் 8

சுவர் உலர ஐந்து வாரங்கள் ஆயின. குழாய் முட்டியை மாற்றி, வெள்ளையடித்து, பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போட்டிருக்கிறோம். இன்று காலை அந்த இடைவெளியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். விரலில் சுண்ணாம்புதான் ஒட்டியது. 11 மணிக்குக் கரியமில வாயு 690, திருத்திய கணக்கில் ஈரம் 66. அடுக்களை எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நாளை சுவரில் துளை போடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது, அந்தக் காற்று கிழக்குப் பக்கமிருந்து, சாலைப் பக்கச் சுவரில் வந்து அடிக்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் எதிர்காற்றைத் தள்ளி நிற்குமா என்பதை ஊதுபத்தி வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.